ஒரே வீட்டுக்கு இரண்டு வாரண்ட்

கலியமூர்த்தி 1979-ல் கோர்ட்டு வேலையில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த பதவியின் பெயர் மசால்ஜி. கோர்ட்டுக் கட்டடங்களில் விளக்கேற்றி வைக்க ஆள் தேவைப்பட்ட காலத்துப் பெயர் அது. கரண்ட் வந்து, விளக்குகள் போய், பெயர் மட்டும் தங்கிவிட்டது. குடிகாட்டில் அப்பாவின் மல்லாட்டைக் கொல்லையை, அதாவது நிலக்கடலைக் காட்டை, அண்ணன் பார்த்துக்கொண்டார். பத்தாவது பாஸ் செய்த தம்பி கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு சைக்கிள் மிதித்துப் போய், கோர்ட்டு ஹாலின் கதவைத் திறந்து, பெஞ்சு துடைத்து, சாயங்காலம் பூட்டிவிட்டு வந்தார். பிறகு படிப்படியாக ஆபீஸ் உதவியாளர், சம்மன் கொடுப்பவர் என்று ஏறி, இருபத்திரண்டு வருஷம் கழித்து அமீனா ஆனார். சர்க்கார் காகிதத்தில் அந்த வேலைக்கு முதுநிலை கட்டளை நிறைவேற்றுநர் என்று பெயர். அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஜட்ஜ் தீர்ப்பு எழுதுகிறார். அது டிக்ரி ஆகிறது. தோற்றவர் தானாக வீட்டைக் காலி செய்தால் சரி. செய்யாவிட்டால் கோர்ட்டு ஒரு வாரண்ட் போடும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு போய், கதவைத் தட்டி, ஆட்களையும் சாமான்களையும் வெளியேற்றி, ஜெயித்தவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வருவது அமீனாவின் வேலை. அதனால் கலியமூர்த்தி ஒரு தெருவுக்குள் நுழைந்தாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். லால்பேட்டையில் ஒரு தரம் நோட்டீஸ் கொடுக்கப் போனபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அவுங்க சவுதில இருக்காங்க, அல்லாவுக்காகப் போயிடுங்க" என்றது. கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பினார். பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அந்த வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்து, "வெயில்ல வந்தீங்களே, தண்ணி கூடக் குடுக்கலன்னு அம்மா வருத்தப்படுறாங்க" என்று ஒரு கலர் பாட்டிலை நீட்டினான். அவர் வாங்கவில்லை. வாங்கக் கூடாது. ஆனால் அந்த வார்த்தையைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாட்சாயிணியின் வீட்டு வாரண்ட் அவர் கைக்கு வந்தது 2005 ஏப்ரலில், அவர் சிதம்பரம் கோர்ட்டில் இருந்தபோது.

சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. தாட்சாயிணி புருஷனை இழந்தவள். பத்தாவது பரீட்சை எழுதியிருந்த பிரீதா என்ற மகள் மட்டும். யூனிவர்சிட்டியில் படிக்கிற பிள்ளைகளுக்கு மெஸ் நடத்திப் பிழைத்துக்கொண்டிருந்தாள். வீடு யாருக்கு என்பதில் அவளுக்கும் அவள் புருஷனின் அண்ணன் சிவசுப்ரமணியனுக்கும் வழக்கு. அப்பா தனக்கு முழு வீட்டையும் எழுதிவைத்தார் என்று அண்ணன் பதிவுப் பத்திரம் காட்டினார். அது பரம்பரைச் சொத்து, ஒருத்தருக்கே எழுத மாமனாருக்கு உரிமையில்லை என்றாள் தாட்சாயிணி. பரம்பரை என்பதற்குக் காட்ட அவளிடம் காகிதம் எதுவும் இல்லை. சிதம்பரத்தில் டிக்ரி அண்ணனுக்கு ஆனது. அவள் கடலூர் ஜில்லா கோர்ட்டில் அப்பீல் போட்டாள். அப்பீல் முடிகிற வரைக்கும் தன்னை வெளியேற்றாமல் இருக்க ஸ்டே கேட்டு ஒரு மனுவும் போட்டாள். அந்த மனு வாய்தா மேல் வாய்தாவாகப் போய், ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதிக்கு வந்து நின்றது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாளிலிருந்து கோர்ட்டுக்கு மே மாத லீவு.

கலியமூர்த்தியின் வாரண்ட்டுக்கும் அதே நாள்தான் கடைசி.

காலை பத்தரைக்கு இரண்டு போலீஸ்காரர்களும் நாலு கூலி ஆட்களுமாக அவர் சந்துக்குள் நுழைந்தபோது, மெஸ்ஸில் பகல் சாப்பாட்டுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. தாட்சாயிணி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். வாரண்ட்டைப் படித்துக் காட்டினார்.

"அமீனா சார், கடலூர்ல இன்னைக்கு மத்தியானம் என் ஸ்டே மனு வருது. வக்கீல் அங்கதான் இருக்காரு. ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்துக்குங்க."

"ஆர்டர் கையில இருக்காம்மா?"

"கையில இருந்தா உங்கள ஏன் சார் கெஞ்சப்போறேன்?"

அவள் உள்ளே ஓடி டெலிபோனில் நம்பர் சுழற்றி, ரிசீவரை அவரிடம் நீட்டினாள். மறுமுனையில் வக்கீல் அந்தோணிசாமி. கலியமூர்த்தியை மசால்ஜி காலத்திலிருந்தே தெரிந்தவர்.

"கலியமூர்த்தி, லஞ்சுக்கு அப்புறம் எடுக்குறேன்னு ஜட்ஜ் சொல்லிட்டாருய்யா. கொஞ்சம் பொறு."

"சார், எனக்கு இன்னைக்குதான் கடைசி. அஞ்சு மணிக்குள்ள ரிப்போர்ட்டு போவணும்."

"மேல் கோர்ட்டு நிறுத்தச் சொல்லப்போவுது. நான் சொல்றேன் இல்ல?"

"சொன்ன பிறகு நிறுத்திடுறேன் சார். சொல்லப்போவுதுன்னு நான் எப்படி ரிப்போர்ட்டு எழுதறது?"

இருந்தாலும் நாற்பது நிமிஷம் சும்மா நின்றார். வாசல் படியை அளப்பதுபோல் பார்த்தார், வாரண்ட்டை இன்னொரு தரம் படித்தார். போலீஸ்காரர்கள் ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டும் என்று முணுமுணுத்தார்கள். எதிர்ச் சுவரோரம் குடை பிடித்துக்கொண்டு சிவசுப்ரமணியன் நின்றிருந்தார். அவர் முகத்திலும் ஜெயித்த களை இல்லை. பதினொன்றே காலுக்கு கலியமூர்த்தி ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

கட்டில், பீரோ, கிரைண்டர், தட்டுகள், பிரீதாவின் புத்தகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சந்துக்கு வந்தன. "பாத்திரத்த வீசாம வைக்கச் சொல்லுங்க" என்று சிவசுப்ரமணியன் ஒருமுறை குரல் கொடுத்தார். கலியமூர்த்தி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். சாமான்களோடு அடுப்பிலிருந்து இறக்கிய சோறும் சாம்பாரும் வந்தபோது பேனா நின்றது. பட்டியலில் விட்டுப்போனால் பின்னால் கேள்வி வரும். 'சமைத்த உணவு' என்று எழுதிவிட்டு, "இத இன்னாம்மா பண்றது?" என்று கேட்டார்.

"அதையும் எழுதிட்டீங்க இல்ல? கோர்ட்டே சாப்பிடட்டும்" என்றாள் தாட்சாயிணி.

பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் சாப்பிட வந்து, சந்து முனையிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு மணிக்குச் சாவி சிவசுப்ரமணியன் கைக்கு மாறியது.

நாலரைக்கு அவர் சிதம்பரம் கோர்ட்டில் ரிப்போர்ட்டைக் கொடுத்தபோது, அதை வாங்கிய நாஜர், அமீனாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற அதிகாரி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடலூர்ல ஸ்டே குடுத்துட்டாங்களாம்யா. மூணு மணிக்கு. இப்பதான் போன் வந்துது."

கலியமூர்த்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆனா ஆர்டர்ல வழக்கம்போல ஒரு வரி இருக்கும். இன்னும் சுவாதீனம் எடுக்காம இருந்தாதான் ஸ்டேன்னு. நீ எடுத்துட்ட. அந்தம்மாவுக்கு இனிமே அது உதவாது. உன் மேல தப்பு இல்ல, விடு."

தப்பு இல்லை என்பது கலியமூர்த்திக்கும் தெரியும். ஆர்டர் மூணு மணிக்கு. அவர் முடித்தது ஒரு மணிக்கு. நடுவில் இருந்தது இரண்டு மணி நேரம். அவள் கேட்டதும் அதே இரண்டு மணி நேரம்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனைவி தில்லையம்மாள், "யாரு வீட்ட காலி பண்ணிட்டு வந்தீங்க?" என்றாள். இருபது வருஷமாக அந்த முகத்தைப் படித்தவள்.

"ஒரு மெஸ். ரெண்டு மணி நேரம் பொறுங்கன்னு அந்தம்மா கேட்டாங்க. மூணு மணிக்கு ஸ்டே வந்துட்டுது."

"வேற அமீனாவா இருந்தா பொறுத்திருப்பாரா?"

"பொறுத்திருக்க மாட்டான். நாப்பது நிமிஷம் கூட நின்னிருக்க மாட்டான்."

"அப்பறம் இன்னாங்க?"

அவர் எழுந்துபோய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அடுத்த வருஷம் அவரைக் கடலூர் ஜில்லா கோர்ட்டுக்கு மாற்றினார்கள். தாட்சாயிணியின் அப்பீல் அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. வாய்தா நாளில் அவள் மஞ்சக்குப்பத்துக் கோர்ட்டு வராந்தாவில் ஒரு தூணோரம் நிற்பாள். வீடு போன பிறகு புவனகிரியில் கூடப்பிறந்த அக்கா வீட்டில் போய் இருந்தாள் என்றும், பிரீதா அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள் என்றும் வக்கீல் குமாஸ்தா சொல்லிக் கேள்விப்பட்டார். அவள் அந்தப் பக்கம் நின்றால் இவர் பின்வாசல் வழியாகப் போனார். ஒருமுறை இரண்டு பேரும் குடிதண்ணீர்க் குழாயிடம் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அவள் அவரைப் பார்த்தாள். பாட்டிலை நிரப்பிக்கொண்டாள். போய்விட்டாள்.

2007 நவம்பரில் அப்பீல் தள்ளுபடி ஆனது. கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பே சரி என்றாகிவிட்டது. பத்திரம் பதிவானது, அதை உடைக்கிற மாதிரி எதுவும் கோர்ட்டு முன்னால் இல்லை. அன்றைக்கு கலியமூர்த்தி ஹாலுக்குள் கடைசி வரிசை ஓரமாக நின்று தீர்ப்பைக் கேட்டார். மனசுக்குள் ஒரு சின்ன ஆறுதல் எட்டிப்பார்த்தது என்று பிற்பாடு தில்லையம்மாளிடம் ஒப்புக்கொண்டார். ஜில்லா ஜட்ஜே அந்த வீடு அவளுக்கில்லை என்று சொல்லிவிட்டாரே. ஆறுதல் வந்த மறு நிமிஷமே அதற்காக வெட்கமும் பட்டார்.

தாட்சாயிணி நிற்கவில்லை. சென்னை ஹைகோர்ட்டில் இரண்டாவது அப்பீல் போட்டாள். ஹைகோர்ட்டு நோட்டீஸ் எதிர்க்கட்சிக்காரருக்கு நேராக வராது. சென்னையிலிருந்து கடலூர் ஜில்லா கோர்ட்டுக்கு வந்து, அங்கிருந்து சிதம்பரத்துக்கு இறங்கி, கடைசியில் ஒரு ஆள் கையில் போக வேண்டும். 2008 ஆகஸ்ட்டில் கலியமூர்த்தி மறுபடி சிதம்பரத்துக்கு மாறிவந்திருந்தார். அந்த ஆள் அவராகவே அமைந்தார்.

சிவசுப்ரமணியன் இப்போது அந்த வீட்டில் குடியிருந்தார். நோட்டீஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டு கோர்ட்டுல ஜெயிச்சாச்சு. இன்னும் எத்தன இருக்கு அமீனா?" என்றார்.

"இது மூணாவதுங்க ஐயா. இதுக்கு மேல டெல்லி."

"அப்ப என் ஆயுசு பூராவும் நீங்க வந்துகிட்டே இருப்பீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜகதாம்பாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். கலியமூர்த்தி வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

அந்த வருஷங்களில் அவர் மகள் இலக்கியா சர்க்கார் வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, அமெரிக்காவுல மாநிலத்துக்குத் தனி கோர்ட்டாம், மத்திய அரசாங்கத்துக்குத் தனி கோர்ட்டாம். நம்ம நாட்டுல அப்படி இல்லியாமே, எல்லாம் ஒரே வரிசைன்னு போட்டிருக்கு" என்றாள்.

"ஒரே வரிசைதான். முன்சீப் கோர்ட்டு, சப் கோர்ட்டு, ஜில்லா கோர்ட்டு, அப்பறம் ஹைகோர்ட்டு, அதுக்கு மேல டெல்லி. எந்தச் சட்டமா இருந்தாலும், டெல்லியில போட்டதோ சென்னையில போட்டதோ, இதே வரிசையிலதான் போவணும்."

"நீங்க எங்கப்பா இருக்கீங்க இதுல?"

"டெல்லியில உக்காந்து ஒரு வரி எழுதினாலும் அது கீழ எறங்கி எறங்கி வந்து, ஒரு கதவத் தட்டணும் இல்ல? அங்க இருக்கேன்."

இலக்கியா சிரித்துக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டாள். அவள் பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை. ஆனால் வேலை கிடைத்து, விருத்தாசலத்தில் தாலுக்கா ஆபீசில் சேர்ந்தாள்.

சென்னையில் வழக்கு மூன்று வருஷம் கிடந்தது. அதற்கிடையில் வக்கீல் அந்தோணிசாமி ஒரு காரியம் செய்தார். அந்தக் குடும்பத்துக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு காலத்தில் நிலம் இருந்தது என்று தாட்சாயிணி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். நிலமும் வீடும் சேர்த்து ஒரே பத்திரமாக எழுதியிருந்தால் அதை அங்கேயே பதிந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. சிதம்பரத்தில் தேடித் தேடி இல்லை என்று விட்டதை, பரங்கிப்பேட்டைப் பதிவு ஆபீசில் மனுப் போட்டுத் தேடினார். கிடைத்துவிட்டது. 1951-ல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். சிவசுப்ரமணியனின் அப்பாவுக்கு அந்த வீடு பரம்பரைப் பங்காக வந்தது என்று அதில் தெளிவாக இருந்தது. கீழே இரண்டு கோர்ட்டும் பார்க்காத காகிதம். அவர்கள் முன்னால் அது போகவே இல்லை.

2011 ஜூலையில் ஹைகோர்ட்டு அந்தப் பத்திரத்தை ஏற்று, கீழ்த் தீர்ப்புகளை ரத்து செய்தது. பரம்பரை வீட்டை அப்பா ஒரு மகனுக்கே எழுதிக்கொடுக்க முடியாது, இறந்துபோன மகனின் பங்கு அவன் மனைவிக்கும் பெண்ணுக்கும் உண்டு, பங்குள்ளவளை வெளியேற்றும்படி கேட்ட வழக்கு செல்லாது, அண்ணனுக்கு வேண்டுமென்றால் பாகம் கேட்டுத் தனி வழக்குப் போடட்டும் என்று எழுதியது. சிவசுப்ரமணியன் டெல்லிக்குப் போனார். சுப்ரீம் கோர்ட்டு 2012 மார்ச்சில் முதல் நாளிலேயே மனுவைத் தள்ளிவிட்டது. அவ்வளவு தூரம் போன கேஸு அங்கே இரண்டு நிமிஷம் கூட நிற்கவில்லையாம்.

தீர்ப்பு மாறினால், அதை வைத்து முன்னால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு மனுப் போட வேண்டிய இடம் டெல்லி இல்லை, சென்னை இல்லை. வழக்கு முதலில் பிறந்த சிதம்பரம்தான். தாட்சாயிணி மனுப் போட்டாள். ஜூன் மாதம் வாரண்ட் தயாரானது.

அந்த வாரம் அமீனா வேலை வேறொருவர் முறை. கலியமூர்த்திக்கு ரிட்டயர்மெண்டுக்கு மூணு மாதம் இருந்தது. அவர் நாஜரிடம் போய் நின்றார். இவர் புது நாஜர், இளவயது.

"சார், வடக்கு வீதிச் சந்து வாரண்ட்ட என் பேருக்குப் போட்டுடுங்க."

"ஏங்க, கஷ்டமான எடமாச்சே. உள்ள ஒரு அம்மா படுத்த படுக்கையாம். ரிட்டயர் ஆவப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு?"

"மொத தடவ காலி பண்ணது நான்தான் சார்."

நாஜர் பெயரை அடித்து மாற்றி எழுதினார்.

கலியமூர்த்தி அந்த வீட்டுக்குப் போன காலையில் சிவசுப்ரமணியன் முன்கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். சாமான்கள் பாதி மூட்டை கட்டியிருந்தன. மறுப்பு இல்லை, கெஞ்சல் இல்லை. எழுபத்திரண்டு வயதாகியிருந்தது. மகன் நடேஷ் பெங்களூரிலிருந்து வருவதாகச் சொல்லி வரவில்லை. உள் அறையில் ஜகதாம்பாள் கட்டிலில் கிடந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார் சிவசுப்ரமணியன். "எங்க கொண்டுபோறதுன்னுதான் இன்னும் முடிவு பண்ணல."

தாட்சாயிணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. ஸ்டேஷன் பக்கம் வாடகை இடத்தில் மறுபடி சின்னதாக மெஸ் போட்டிருந்தாள் என்று கேள்வி. இந்த வீட்டுக்குள் அவள் ஏழு வருஷமாக வரவில்லை. கலியமூர்த்தி வாரண்ட்டைப் படித்தார். ஆட்கள் உள்ளே போனார்கள். முதலில் பீரோ வந்தது. இரண்டு பேர் கட்டில் அறைப் பக்கம் நடந்தபோது அவள் குரல் கேட்டது.

"அந்த ரூமுக்குப் போவாதீங்க."

எல்லாரும் நின்றார்கள்.

"அக்கா அங்கேயே இருக்கட்டும். மாமாவும் இருக்கட்டும். மத்தத எனக்கு விட்டுட்டாப் போதும்."

சிவசுப்ரமணியன் எழுந்து நின்றார். "நீ எங்களுக்குப் பிச்ச போட வேணாம் தாட்சாயிணி."

"பிச்ச இல்ல மாமா. சாமான சந்துல வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அக்காவ அங்க வச்சுப் பாக்க என்னால ஆவாது. நாளைக்கு நீங்களா எடம் பாத்துகிட்டுப் போறதுன்னா போங்க."

சிவசுப்ரமணியன் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து ஜகதாம்பாள் ஏதோ சொல்ல முயன்ற சத்தம் மட்டும் வந்தது.

கலியமூர்த்திக்கு இப்போது வேறு சிக்கல். வாரண்ட்டில் முழு வீடு என்று இருந்தது. அரைகுறையாகச் செய்தேன் என்று எழுதினால் நிறைவேறாத வாரண்ட் ஆகிவிடும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்து எழுதினார். முழு வீட்டின் சுவாதீனமும் மனுதாரரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பிறகு மனுதாரர் தாமாகவே ஒரு அறையில் எதிர்மனுதாரரையும் அவர் மனைவியையும் தங்க அனுமதித்தார். இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். முதலில் சாவி தாட்சாயிணி கைக்குப் போக வேண்டும் என்பதற்காக, சிவசுப்ரமணியனிடமிருந்து வாங்கி, அவள் கையில் கொடுத்து, மணி பார்த்துக் குறித்தார்.

ஆட்கள் பீரோவை மறுபடி உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். கலியமூர்த்தி போகவில்லை.

"அம்மா, ஒரு விஷயம்" என்றார். "அன்னைக்கு ரெண்டு மணி நேரம் நான் பொறுத்திருந்தேன்னா..."

"தெரியும்" என்றாள் அவள். "மூணு மணிக்கு ஸ்டே வந்துது. அன்னைக்கு சாயங்காலமே வக்கீல் சொன்னாரு."

"என் மனசுல அது போவவே இல்ல."

அவள் சாவியைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டே யோசித்தாள். கோபம் இல்லாத குரலில், கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"நீங்க பொறுத்திருந்தாலும் ஸ்டே கடலூர் கேஸு முடியிற வரைக்கும்தான். அங்க 2007-ல தோத்துட்டேன். அன்னைக்கு வேற ஒரு அமீனா வந்து என்னைக் காலி பண்ணியிருப்பாரு. ஆக, நீங்க எடுத்தது ஏழு வருஷம் இல்ல. ரெண்டரை வருஷம்."

கலியமூர்த்தி தலையை நிமிர்த்தினார்.

"ஆனா அந்த ரெண்டரை வருஷத்துலதான் பிரீதா பிளஸ் ஒன், பிளஸ் டூ படிச்சா. டெய்லி காலைல அஞ்சு மணிக்கு எழுந்து புவனகிரிலேந்து பஸ் ஏறுவா. மார்க்கு கொறைஞ்சு போச்சு. அவ கேட்ட படிப்பு கிடைக்கல. அத மறந்துட்டேன்னு என்னால சொல்ல முடியாது சார்."

"சொல்ல வேணாம்மா" என்றார் அவர்.

அவ்வளவுதான் பேசினார்கள். மன்னிப்பு கிடைத்ததா என்று அன்றைக்குத் தில்லையம்மாள் கேட்டாள். கிடைக்கவில்லை என்றார். ஆனால் ஏழு வருஷமாக அவர் தூக்கிக்கொண்டு திரிந்தது எவ்வளவு என்று யாரோ சரியாக அளந்து சொல்லிவிட்டது போல இருந்தது அவருக்கு. அது தன் பங்கு. அதற்கு மேலே கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் படுத்து, விடியும் வரை அசையாமல் தூங்கினார்.

செப்டம்பர் இரண்டாம் வாரம், ரிட்டயர் ஆவதற்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, சம்மன் கொடுக்கிறவர் லீவில் போனதால் அவர் பகுதிச் சம்மன்களும் கலியமூர்த்தியிடம் வந்தன. அதில் ஒன்று பாகப்பிரிவினை வழக்கு. வாதி சிவசுப்ரமணியன். பிரதிவாதி தாட்சாயிணி. இரண்டு பேருக்கும் ஒரே கதவு எண்.

அவர் போனபோது வாதி முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அமீனா. இன்னும் ரிட்டயர் ஆவலியா?"

"மாசக் கடைசிங்க ஐயா. நீங்க போட்ட கேஸு சம்மன் வந்திருக்கு. அம்மா இருக்காங்களா?"

"சமையல்கட்டுல இருக்கா. தாட்சாயிணீ! கோர்ட்லேந்து வந்திருக்காங்க பாரு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜூலையிலேயே மெஸ்ஸை இந்த வீட்டுக்கு மாற்றியிருந்தாள். சம்மனை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தாள். நிமிர்ந்து பெரியவரைப் பார்த்தாள்.

"என்ன மாமா இது?"

"வக்கீல் போட்டு வைக்கச் சொன்னாரு. போடலன்னா பின்னாடி நடேஷுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடுமாம்."

"போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ மார்க்கெட்டுக்குப் போயிட்ட."

"ஒரு மாசமாவா மார்க்கெட்டுக்குப் போனேன்?"

பெரியவர் பேப்பரை மடித்து வைத்தார். தாட்சாயிணி கலியமூர்த்தி பக்கம் திரும்பினாள்.

"இது முடிய எத்தன வருஷம் ஆவும் சார்?"

"மேல மேல போனா முன்ன மாதிரிதாம்மா. சிதம்பரம், கடலூர், சென்னை, டெல்லி. ஆனா லோக் அதாலத்துன்னு ஒண்ணு இருக்குது. ரெண்டு பேரும் ஒத்துகினு அங்க எழுதிக் குடுத்துட்டா அன்னையோட முடிஞ்சிடும். அப்பீலே கிடையாது."

"ஒத்துக்கறதுன்னா?" என்றார் சிவசுப்ரமணியன்.

"முன்பாதி ஒருத்தருக்கு, பின்பாதி ஒருத்தருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கறதுங்க ஐயா."

"அப்ப பின்னால இருக்கிற கெணறு யாருக்கு?"

"கெணத்துல தண்ணி இருந்தாதான மாமா அது யாருக்குன்னு பேசணும்?" என்றாள் தாட்சாயிணி, சம்மன் நகலில் கையெழுத்துப் போட்டபடியே.

"ஐப்பசியில வரும்."

"அக்காவுக்குச் சமையல்கட்டுப் பக்கத்து ரூம்தான் வசதி. அது பின்பாதில வருது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

கலியமூர்த்தி நகலை வாங்கி, 'பிரதிவாதியிடம் நேரில் சார்பு செய்யப்பட்டது' என்று எழுதி, பதினொன்று இருபது என்று மணி குறித்துப் பைக்குள் வைத்தார். வரேங்க என்று சொன்னதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. சந்து முனை திரும்புகிற வரைக்கும் அவர்கள் குரல் கேட்டது. பெரியவர் சுவரை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுவரே எதற்கு என்று அவள் கேட்டாள். அடுத்த சம்மன் புவனகிரிக்கு. பதினொன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க அவர் நடையை எட்டிப் போட்டார்.